சிறுசொற்களின் பெரும்பணி: ஆங்கில வினைகளும் முன்னிடைச்சொற்களும் பற்றிய ஒரு மறுநோக்கு

ஆங்கிலம் பயிலும் எம்மவர் அம்மொழியின் அருஞ்சொற்களுக்கே அஞ்சுகின்றனர் என்று பொதுவாகக் கருதப்படுகின்றது. உண்மை இதற்கு மாறானது. தமிழ்மொழி மூலம் கற்றுப் பல்கலைக்கழகத்துக்கு வரும் மாணவர் ‘இன்வெஸ்டிகேட்’, ‘போஸ்ட்போன்’, ‘டொலரேட்’ முதலாய நெடுஞ்சொற்களை அகராதியின் துணையோடு விரைவிலேயே தம்வயப்படுத்திக் கொள்கின்றனர். அவர்களைத் தடுமாறச் செய்பவை, சிறுவகுப்பிலே கற்ற ‘லுக்’, ‘புட்’, ‘டேக்’, ‘கெட்’ என்னும் எளிய வினைகளும், அவற்றையொட்டி வரும் ‘அப்’, ‘ஒஃப்’, ‘இன்’, ‘அவுட்’ என்னும் சிறுசொற்களுமேயாம். தனித்து நிற்கையில் இரண்டும் தெரிந்தவை. சேர்ந்து வருகையில் இரண்டும் அந்நியமாகி விடுகின்றன.

முதலாம் ஆண்டிலே ஆங்கிலச் சிறுகதையொன்றை வாசித்தபோது, ஒரு பெண் தன் தாயை ‘டுக் ஆஃப்டர்’ என்றிருந்த வரியைத் ‘தாய்க்குப் பின் எடுத்தாள்’ என்று ஓரத்திலே எழுதிவைத்துக்கொண்டு, அவள் எதனை எடுத்தாள் என அடுத்த பக்கம் முழுவதும் தேடியமை இக்கட்டுரையாளருக்கு நினைவிருக்கின்றது. அவள் எதனையும் எடுக்கவில்லை. தாயை உரித்துவைத்தாற்போல இருந்தாள் என்பதே பொருள். தமிழ் பயிலும் ஆங்கிலேயர் ஒருவர் நமது தொடரைக் கண்டு, அவள் எதனை உரித்தாள், எங்கே வைத்தாள் என்று தேடுவாராயின் நாம் நகைப்பதற்கு நியாயமில்லை.

இத்தொடர்கள் எமக்குக் கற்பிக்கப்படும் முறை யாவரும் அறிந்தது. இடப்புறம் தொடர், வலப்புறம் பொருள் என்றமைந்த பட்டியல் ஒன்று தரப்படும். ‘ஏன் இவ்வாறு?’ என்று வினவினால், ‘அது மரபு, மனனம் செய்க’ என்பதே விடையாகும். முன்னிடைச்சொல் சேர்ந்தவுடன் வினையின் பொருள் காரணமின்றி மாறிவிடுகின்றது என்பதே இம்முறையின் அடிப்படை நம்பிக்கை. இந்நம்பிக்கை எத்துணை உண்மையானது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆங்கிலச் சொற்கள் இங்கு அவற்றின் ஒலிப்புக்கு அணித்தாகத் தமிழெழுத்திலே தரப்படுகின்றன.

1

இந்நம்பிக்கை நேற்று எழுந்ததன்று. சாமுவேல் ஜோன்சன் 1755இல் வெளியிட்ட ஆங்கில அகராதியின் முன்னுரையிலேயே இதன் வித்தைக் காணலாம். வினைக்குப் பின்னே ஒரு சிறுசொல்லைச் சேர்த்து அதன் பொருளை வேறுபடுத்தும் வழக்கு ஆங்கிலத்திலே மிகுதி என்பதையும், பிறமொழியாளருக்குப் பெருந்தொல்லை தருவது அதுவே என்பதையும் அவர் அங்கு எடுத்துரைத்தார். அத்தொல்லையைத் தணிக்கும் பொருட்டு இத்தகைய தொடர்களைக் கவனமாகத் திரட்டித் தந்தமை அவர் ஆற்றிய அரும்பணி. ஆயின் அவற்றுட் சில தம் உறுப்புகளின் பொருளிலிருந்து வெகுதூரம் விலகிவிட்டமையால், அவை கடந்துவந்த வழியை எத்துணைக் கூர்மதியாலும் கண்டறிதல் இயலாது என்றும் அவர் தீர்ப்பளித்தார். சில தொடர்கள் பற்றி அவர் கூறியதைப் பிற்காலக் கைந்நூலாசிரியர் அனைத்துத் தொடர்களுக்கும் உரிய விதியாக்கி விட்டனர்.

லோகன் பியர்சல் ஸ்மித் 1925இல் வெளியிட்ட ‘சொற்களும் மரபுத்தொடர்களும்’ என்னும் நூலிலே இவற்றுக்கு ‘ஃப்ரேசல் வேர்ப்’ என்ற பெயரை வழங்கினார். ஒக்ஸ்போர்ட் அகராதியின் பதிப்பாசிரியருள் ஒருவரான ஹென்றி பிராட்லி முன்மொழிந்த பெயர் அது. தமிழில் இதனைத் ‘தொடர்வினை’ எனலாம். 1975இல் கவி, மக்கின் ஆகிய இருவரும் முன்னிடைச்சொல்லும் சிறுசொல்லும் சேர்ந்த வினைகளுக்கென்றே ஓர் ஒக்ஸ்போர்ட் அகராதித் தொகுதியை வெளியிட்டனர். தொடர்களின் அமைப்பைத் துல்லியமாகப் பகுத்துக் காட்டிய வகையில் அது பயன்மிக்க நூல். எனினும் வினையை முதலாகக் கொண்ட அகரவரிசை அதன் ஒழுங்காயிற்று. ‘ஈட் அப்’, ‘டெயர் அப்’, ‘யூஸ் அப்’ ஆகிய மூன்றும் மூன்று வேறு பக்கங்களிலே கிடக்கின்றன. மூன்றிலும் ‘அப்’ ஒரே பணியைச் செய்கின்றது என்பதை அவ்வொழுங்கு மறைத்துவிடுகின்றது.

‘முன்னிடைச்சொல்’ என்ற பெயரும் ஓரளவு மயக்கம் தருவதே. ‘ரன் அப் எ ஹில்’ என்பது மலைமேல் ஓடுதல். ‘ரன் அப் எ பில்’ என்பது கடையிலே கடனைப் பெருக்குதல். எழுத்திலே இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆயின் பின்னதில் ‘அப்’ என்பதைப் பெயருக்குப் பின்னே நகர்த்தி ‘ரன் எ பில் அப்’ எனலாம். முன்னதில் அவ்வாறு நகர்த்த இயலாது. முன்னதில் அச்சிறுசொல் பெயரைச் சார்ந்தது. பின்னதில் வினையைச் சார்ந்தது. சுட்டுப்பெயர் வரும்போது இவ்வேறுபாடு கட்டாயமாகிவிடுகின்றது. ‘லுக் அட் இட்’ என்பது வழக்கு. ஆனால் அகராதியிலே ஒரு சொல்லைத் தேடிப்பார்ப்பதை ‘லுக் இட் அப்’ என்றே கூறுதல் வேண்டும். எம் மாணவரின் எழுத்துப் பிழைகளிற் பல இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால் எழுகின்றன. இவ்விரு வகையையும் உளப்படுத்தியே இனிச் ‘சிறுசொல்’ என்கின்றோம்.

2

சிறுசொல்லுக்குத் தனக்கென ஒரு பொருள் உண்டா? ‘லுக்’ என்னும் ஒரே வினையை எடுத்து நோக்குவோம். தனித்து நிற்கையில் அது பார்வையைச் செலுத்துதல் என்னும் அளவிலே நிற்கின்றது. ‘அட்’ என்பது ஒரு புள்ளியைச் சுட்டுவது; எனவே ‘லுக் அட்’ என்பதிலே பார்வை ஒரு பொருளிலே சென்று படிகின்றது. ‘ஃபோர்’ நோக்கத்தை உணர்த்துவது. பார்வை இருக்கின்றது, பொருள் இன்னும் கிட்டவில்லை. ஆகவே ‘லுக் ஃபோர்’ தேடுதலாயிற்று. ‘இன்டு’ உட்புகுதலைக் குறிப்பது. ஒரு விடயத்தின் உள்ளே பார்வை நுழைகையில் அது ஆராய்தலாகின்றது.

‘லுக் ஆஃப்டர்’ என்பதற்குப் ‘பராமரித்தல்’ என்று பட்டியல் கூறும். ‘ஆஃப்டர்’ என்பதோ ‘பின்’ என்று பொருள்படும். இரண்டுக்கும் தொடர்பு எங்கே? செல்லும் ஒருவரைக் கண்ணால் பின்தொடர்தல் என்ற பொருளும் இத்தொடருக்கு உண்டு. முற்றத்திலே தளர்நடை பயிலும் குழந்தையின் பின்னே விழியைப் பதித்தவாறு செல்லும் தாயை எண்ணிக்கொண்டால், பின்னிருந்து பார்த்தல் பேணுதலாக விரிந்தமை வியப்பன்று. ‘லுக் டவுன் ஒன்’ என்பதிலே பார்ப்பவர் மேலே நிற்கின்றார், அது இகழ்தல். ‘லுக் அப் டு’ என்பதிலே பார்ப்பவர் கீழே நிற்கின்றார், அது மதித்தல். உயர்வு, தாழ்வு என்னும் இடப்பொருட் சொற்களாலேயே மதிப்பையும் இகழ்ச்சியையும் கூறும் தமிழருக்கு இவை விளங்காதிருக்கக் காரணமில்லை. ‘லுக் ஓவர்’ என்பது ஒன்றின்மேல் பார்வையை ஓடவிடுதல். அதே சொற்கள் இடம்மாறி ‘ஓவர்லுக்’ ஆகும்போது, பார்வை பொருளிலே படாது அதற்கு மேலாகக் கடந்துபோகின்றது. கவனியாது விடுதல் என்ற பொருள் அதனால் அமைகின்றது.

இங்கே வினை மாறவில்லை. பார்வை பார்வையாகவே இருக்கின்றது. மாறுவது பார்ப்பவருக்கும் பார்க்கப்படுவதற்கும் இடையிலுள்ள இடத்தொடர்பு. அவ்விடத்தொடர்பு மனத்தொடர்பாக விரிகின்றது. இடத்தைக் கொண்டு மனத்தின் நிகழ்வுகளைக் கூறுதல் மொழியின் பொதுவியல்பு என்பதை 1980இல் லேக்கொஃப், ஜோன்சன் ஆகிய இருவரும் உருவகம் பற்றிய தம் நூலிலே விரிவாக விளக்கினர். 1981இல் சூசன் லின்ட்னர் ‘அவுட்’, ‘அப்’ ஆகிய இரு சொற்களை மட்டும் எடுத்து ஆராய்ந்து, அவை வருமிடங்கள் பொருட்டொடர்புடைய கிளைகளாய் அமைகின்றன எனக் காட்டினார். 1989இல் வெளியான கோபில்ட் தொடர்வினை அகராதி, சிறுசொற்களின் பொருள்வகைகளைத் தொகுத்துத் தனியொரு சுட்டியாக இறுதியிலே சேர்த்தது. ஜோன்சன் அடைத்த வாயில் இவ்வாறு சிறிது சிறிதாகத் திறக்கப்பட்டது.

3

எம் மாணவர் எளிதிற் கற்கும் நெடுஞ்சொற்களும் இதே முறையில் அமைந்தவை என்பது சுவையான செய்தி. ‘இன்ஸ்பெக்ட்’ என்னும் சொல்லின் இலத்தீன் உறுப்புகள் ‘உள்’ என்பதும் ‘நோக்கு’ என்பதுமாம். ‘டெஸ்பைஸ்’ கீழ்நோக்குதல், ‘ப்ரொஸ்பெக்ட்’ முன்னோக்குதல், ‘எக்ஸ்பெக்ட்’ வெளியே நோக்கியிருத்தல். ‘லுக் இன்டு’, ‘லுக் டவுன் ஒன்’, ‘லுக் ஃபோர்வர்ட்’ என ஆங்கிலம் தன் சொந்தச் சொற்களாற் கூறுவதையே இலத்தீன் வினைக்கு முன்னே ஓர் ஒட்டைச் சேர்த்துக் கூறியது. கடன்பெற்ற சொல்லிலே உறுப்புகள் பிரித்தறியாவண்ணம் உறைந்துவிட்டன. அதனாலேயே அது எமக்கு எளிதாகத் தோன்றுகின்றது. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று கற்றுவிடலாம். தொடர்வினையிலே உறுப்புகள் கண்முன்னே தனித்தனியாக நிற்கின்றன, நிற்பதாலேயே இடர்ப்படுத்துகின்றன.

தமிழும் இதற்குப் புறம்பானதன்று. கூட்டத்தைப் பின்னொரு நாளுக்கு மாற்றுவதை ஆங்கிலர் ‘புட் ஒஃப்’ என்பர். சற்று முறைமையாக ‘போஸ்ட்போன்’ என்பர். பின்னதன் இலத்தீன் மூலம் ‘பின்’, ‘வை’ என்னும் இரு உறுப்புகளால் ஆயது. ஈழத்துத் தமிழர் நாள்தோறும் வழங்கும் சொல்லோ ‘பிற்போடு’ என்பது. மூன்று மொழிகளும் ஒரே வழியிலே நடந்திருக்கின்றன. ‘முன்வை’, ‘வெளியிடு’, ‘மேற்கொள்’, ‘எதிர்பார்’ என்பனவும் இவ்வினத்தனவே. மேற்பார்வை என்பதை ஆங்கிலத்தின் ‘ஓவர்சீ’ என்பதோடும், இலத்தீன் வழிவந்த ‘சூப்பர்வைஸ்’ என்பதோடும் அருகருகே வைத்து நோக்கினால், ‘மேல்’ என்ற கருத்து மூன்றிலும் ஒன்றாயிருத்தல் புலப்படும். இவற்றை நாம் மனனம் செய்து கற்கவில்லை. காரணம் இல்லாதவை என்று கருதவுமில்லை.

4

இவ்வாறாயின் சிறுசொல்லுக்கு நிகரான தமிழ்ச் சொல்லை வேற்றுமையுருபுகளிலும் ‘மேல்’, ‘கீழ்’, ‘உள்’, ‘புறம்’ முதலானவற்றிலும் தேடினாற் போதுமா? போதாது. எம் மொழிபெயர்ப்புகள் வழுவும் இடம் இதுவேயாம். ‘அவன் ஓடி வெளியேறினான்’, ‘தவழ்ந்து வெளியேறினான்’, ‘நழுவி வெளியேறினான்’ என்னும் மூன்று தொடர்களையும் ஆங்கிலத்திலே கூறுவதானால் ‘ரன் அவுட்’, ‘க்ரோல் அவுட்’, ‘ஸ்லிப் அவுட்’ என்று கூறுதல் வேண்டும். ஆங்கிலத்தின் முற்றுவினை தமிழிலே வினையெச்சமாகின்றது. ஆங்கிலத்தின் சிறுசொல் தமிழிலே முற்றுவினையாகின்றது. செல்லும் வழியைச் சில மொழிகள் வினையிலும், சில மொழிகள் வினையைச் சார்ந்த சிறுசொல்லிலும் பொதிந்துவைக்கும் என்று லெனார்ட் டால்மி 1985இல் வெளிவந்த கட்டுரையொன்றிலே விளக்கிய வேறுபாட்டை இங்கு நினைவுகூர்தல் தகும்.

இடப்பெயர்ச்சி இல்லாத தொடர்களுக்கும் இது பொருந்துவதைக் காணலாம். ‘யூஸ் அப்’ பயன்படுத்தித் தீர்த்தல். ‘வைப் அவுட்’ துடைத்தழித்தல். ‘ஷௌட் டவுன்’ கூச்சலிட்டு அடக்குதல். ஒருவரை ஒரு செயலுக்கு ‘டோக் இன்டு’ செய்தல், பேசி இணங்கவைத்தல். ஒரு பழியை ‘லாஃப் ஒஃப்’ செய்தல், சிரித்துத் தட்டிக்கழித்தல். ஒவ்வொன்றிலும் எவ்வாறு என்பதை ஆங்கில வினையும், என்ன நிகழ்ந்தது என்பதைச் சிறுசொல்லும் கூறுகின்றன. தீர்த்தல், அழித்தல், அடக்குதல், இணக்குதல், கழித்தல் ஆகிய முடிபுகள் யாவும் அச்சிறுசொல்லிலேயே தங்கியுள்ளன. ‘லுக் ஆஃப்டர்’ என்பதற்குப் பேச்சுவழக்கிலே நாம் கூறும் ‘பார்த்துக்கொள்’ என்பதிலும் ‘பார்’ வினையெச்சமாகிவிட, ‘கொள்’ என்னும் துணைவினையே பேணுதற் பொருளைத் தருதல் காண்க. முன்னிடைச்சொல் வினையின் பொருளை மாற்றுகின்றது என்ற கூற்றைவிட, அதுவே பாதி வினையாக நின்று தொழிற்படுகின்றது என்பது உண்மைக்கு அணித்தானது.

தொல்காப்பியர் இடைச்சொல்லைப் பெயரையும் வினையையும் சார்ந்தே இயங்குவது, தனித்தியங்கும் இயல்பற்றது என்று வகுத்தார். அவ்விலக்கணத்திலே ஊறிய நாம், ஆங்கிலத்தின் சிறுசொற்களையும் இடைச்சொல் என்ற பெயரைக் கண்ட அளவிலே ஒதுக்கிவிட்டு, வினையிலேயே பொருளைத் தேடுகின்றோம். ‘புட்’, ‘கெட்’, ‘செட்’, ‘டேக்’ போன்ற வினைகளோ பொருட்செறிவு குன்றியவை. வெற்றுப் பாத்திரத்தினுள்ளே நெடுநேரம் துழாவிவிட்டு, உணவு இல்லையென்று கூறுவது போன்றது எம் செயல்.

5

மேற்கூறிய விளக்கத்துக்கு எல்லையே இல்லை என்று கொள்ளுதல் தவறாகும். வீடு ‘பேர்ன் டவுன்’ ஆகின்றது. கடதாசி ‘பேர்ன் அப்’ ஆகின்றது. எதிர்த்திசைச் சொற்கள் ஏறத்தாழ ஒரே முடிபைத் தருகின்றன. எரியும் வீடு இடிந்து கீழே விழுவது. எரியும் கடதாசி முற்றாகத் தீர்ந்துபோவது. ஒன்றிலே விழுதலும் மற்றதிலே தீர்தலும் முதன்மை பெற்றன எனலாம். விளக்கு ‘கோ ஒஃப்’ ஆனால் அணைகின்றது. எச்சரிக்கை மணி ‘கோ ஒஃப்’ ஆனால் ஒலிக்கத் தொடங்குகின்றது. விளக்கு தன் தொழிலிலிருந்து விலகுகின்றது; மணி தன் கட்டிலிருந்து விடுபடுகின்றது. விண்மீன்கள் ‘அவுட்’ என்றால் தோன்றியுள்ளன. விளக்குகள் ‘அவுட்’ என்றால் அணைந்துள்ளன. முன்னவை மறைவிடத்திலிருந்து எம் பார்வைக்கு வெளியே வந்தவை. பின்னவை எம் பார்வையை விட்டு வெளியேறியவை.

இவ்விளக்கங்கள் பொருளை அறிந்த பின்னரே எமக்குக் கைகூடுகின்றன என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். பொருளறியாத ஒருவர் ‘கோ ஒஃப்’ என்பதிலிருந்து மணியொலியை முன்கூட்டியே ஊகித்தல் அரிது. ‘டேக் இன்’ என்பது ஏமாற்றுதலையும், ‘புட் அப் வித்’ என்பது பொறுத்துக்கொள்ளுதலையும் குறிக்கும் என்பதை உறுப்புகளைக் கூட்டிப் பார்த்து எவரும் கண்டுபிடித்துவிட முடியாது. இவ்வகையிலே ஜோன்சனின் எச்சரிக்கை முற்றும் பொய்யன்று. வந்த வழியைத் திரும்பிப் பார்த்து விளங்கிக்கொள்ளலாம். போகும் வழியை முன்னறிந்து கூறுதல் இயலாது. ஆயினும் விளங்கிக் கற்ற ஒன்று நினைவிலே தங்குவதுபோல விளங்காது மனனம் செய்த ஒன்று தங்குவதில்லை. கற்பித்தலுக்கு அவ்வளவே போதுமானது.

சிறுசொற்களின் பளுவைக் கணக்கிடாது விடுவதால் நேரும் தவறுக்குச் சிறந்த சான்று, சி. கே. ஒக்டன் 1930இல் உலகுக்கு அளித்த ‘பேசிக் இங்கிலிஷ்’ என்னும் எளிய ஆங்கிலத் திட்டமாகும். 850 சொற்களாலேயே ஆங்கிலத்தைக் கையாளலாம் என்றது அத்திட்டம். அவற்றுள் வினைகள் 18 மட்டுமே. 1943இல் ஹார்வர்ட் பல்கலைக்கழக உரையிலே வின்ஸ்டன் சேர்ச்சில் இதற்கு ஆதரவளித்தார். ஆங்கிலத்தின் ஆயிரக்கணக்கான வினைகள் எவ்வாறு பதினெட்டாகச் சுருங்கின? ‘என்ட்டர்’ என்பதை நீக்கி ‘கோ இன்டு’ என்றும், ‘டொலரேட்’ என்பதை நீக்கி ‘புட் அப் வித்’ என்றும் கூறினாற் பட்டியல் குறுகிவிடும். ஆனால் கற்பவரின் சுமை குறைவதில்லை. பட்டியலிலே ‘புட்’ ஒரு சொல், ‘அப்’ ஒரு சொல், ‘வித்’ ஒரு சொல். மூன்றும் சேர்ந்த தொடர் புதியதொரு பொருள். அப்பொருள் 850 என்ற எண்ணிலே சேர்க்கப்படவில்லை. ஆங்கிலேயருக்கு மிக எளிதானதும் பிறருக்கு மிக அரிதானதுமான பகுதியை அடித்தளமாக்கிவிட்டு, அதனை உலகோர் யாவருக்கும் எளிய மொழி எனல் பொருந்தாது. தாய்மொழியாளருக்கு எளியது கற்போருக்கும் எளியதாகும் என்ற மயக்கத்தின் விளைவே இது. இம்மயக்கம் எம் வகுப்பறைகளிலும் இல்லாமலில்லை.

6

ஆங்கிலத் தொடர்களைப் பற்றி ஒரு தமிழ்ச் சங்க மலரிலே இத்துணை விரிவாகப் பேசவேண்டுமா என்று சிலர் வினவக்கூடும். இந்நாட்டுப் பல்கலைக்கழகங்களிலே சிங்கள மாணவர் ஆங்கிலத்துக்கு இட்டு வழங்கிய பட்டப்பெயர் ‘கடுவ’ என்பது. வாள் என்பது அதன் பொருள். கையிலே உடையவர் இல்லாதவரை வெட்டுவதற்கு உதவும் கருவி என்ற கசப்பு அப்பெயரிலே உண்டு. அக்கசப்பு தமிழ் மாணவருக்கும் பொதுவானது. பாடநூலின் ஆங்கிலத்தை உழைத்துப் படித்து வென்ற மாணவர் ஒருவர், நண்பர் கூட்டத்திலோ நேர்முகப் பரீட்சையிலோ நாவலொன்றின் உரையாடலிலோ இச்சிறு தொடர்களுக்கு முன்னே வாயடைத்து நிற்கும்போது, அக்குறையைத் தம் அறிவின் குறையாகவே கருதிக்கொள்கின்றார். காரணமற்றவை என்று கூறிக் கற்பிக்கப்பட்டவற்றை, வீட்டிலே ஆங்கிலம் கேட்டு வளர்ந்தவர் காரணம் கேளாமலே பெற்றிருக்கின்றார். ஏனையோருக்குப் பட்டியல் மட்டுமே எஞ்சுகின்றது. எனவே ‘மரபு, மனனம் செய்க’ என்னும் விடை வெறும் கற்பித்தற் குறைபாடு மட்டுமன்று. உடையவருக்கும் இல்லாதவருக்கும் இடையிலுள்ள தூரத்தை அது நிலைபெறச் செய்கின்றது.

செய்யவேண்டியவை அரியனவுமல்ல. வினையை முதலாகக் கொண்ட பட்டியலுக்குப் பதிலாகச் சிறுசொல்லை முதலாகக் கொண்டு தொடர்களைத் தொகுத்துக் கற்பிக்கலாம். ‘அப்’ என்ற ஒன்றின்கீழ் உயர்தல், தோன்றுதல், முற்றுப்பெறுதல் என்னும் கிளைகள் வகுக்கப்படுமாயின், நூறு தொடர்கள் நான்கைந்து குடும்பங்களாக அமையும். அக்குடும்பங்களில் அடங்காதவற்றை மட்டும், அடங்காதவை என்று வெளிப்படையாகக் கூறி, மனனத்துக்கு விடலாம். மொழிபெயர்க்கும்போது சிறுசொல்லுக்குச் சிறுசொல் தேடாது, அதனைத் தமிழின் முற்றுவினையாக்கி, ஆங்கில வினையை வினையெச்சமாக்கிப் பார்க்கும் பழக்கத்தை வளர்க்கலாம். பிற்போடு, மேற்கொள், பார்த்துக்கொள் என்னும் சொற்களை இயல்பாக ஆளும் மாணவருக்கு இது புதிய வித்தையன்று. தமிழிலே பேசத் தொடங்கிய நாளிலிருந்து தாம் செய்துவருவதையே பிறிதொரு மொழியிலே அடையாளம் கண்டுகொள்ளும் முயற்சியே இதுவாகும். ஆங்கிலம் கற்பதற்குத் தாய்மொழி தடை என்று கூறுவோர் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.